டொக்குத்தர் பிள்ளையின் லீவு

வாட்டில் மருத்துவ மாணவிக்குக் கீழே உள்ள ஒரே பதவி, கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கும் பூனையின் பதவிதான். அதையும் உறுதியாகச் சொல்லமுடியாது. பூனைக்கு மத்தியானத்தில் மீன்துண்டு கிடைக்கும். அதைத் தட்டி எழுப்பி, "ஈரல் வீங்கிறதுக்கு அஞ்சு காரணம் சொல்லு" என்று ஒருவரும் கேட்பதில்லை.

எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட்டு என்று சொல்லப் போவதில்லை. இலங்கையில் மருத்துவபீடங்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன; அதில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இறுதிச் சோதனை இன்னும் வரவில்லை. பாஸான பிறகு கேளுங்கள், கட்டில் இலக்கத்தோடு சொல்கிறேன்.

முதல் இரண்டு வருஷம் எலும்புகளைத் தலைமாட்டில் வைத்து நித்திரை கொண்டு, அந்தச் சோதனையும் தாண்டினால், மூன்றாம் வருஷத்தில் வாட்டுக்குள் விடுவார்கள். விடுவார்கள் என்றால், கதவால் உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். காலை ரவுண்ட்ஸில் முதலில் கொன்சல்டன்ட். அவரை ஒட்டி ரெஜிஸ்ட்ரார். பிறகு டிக்கட் கட்டோடு எச்.ஓ. பக்கத்தில் சிஸ்டர், மிஸ்மார். அதற்குப் பின்னால் இறுதி வருஷக்காரர். அவர்களுக்கும் பின்னால் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நாங்கள். அங்கேயிருந்து எனக்கு நோயாளி தெரிவதில்லை. சீனியர்மாரின் பிடரி தெரியும். மனிதப் பிடரியைப் பற்றி இப்போது என்னிடம் எதையும் கேட்கலாம்.

தெரியாது என்பதற்காகத் தப்பவும் முடியாது. கொன்சல்டன்ட் கேட்கும் கேள்வி மழைத்தண்ணி மாதிரி. மேட்டில் விழுந்தாலும் வரிசை வரிசையாக இறங்கி வந்து பள்ளத்தில்தான் தேங்கும். ரெஜிஸ்ட்ரார் மெல்லச் சிரித்து எச்.ஓ.வைப் பார்ப்பார். எச்.ஓ. டிக்கட்டைப் பார்ப்பார். இறுதி வருஷக்காரர் தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். எங்கள் பட்சில் ஒருவன் எந்தக் கேள்விக்கும் "டயபிற்றிஸ், சேர்" என்பான். நாட்டின் நிலைமைக்கு அது பாதி நேரம் சரியாகவும் இருந்தது. அந்தப் பாதியை நம்பியே அவன் இன்றைக்கும் முன்வரிசைப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறான்.

எங்களுக்கு உண்மையில் படிப்பித்தவர்கள் கட்டிலில் கிடந்தவர்கள்தான். வாட்டு மொழியில் "நல்ல கேஸ்" என்று ஒன்று உண்டு. நல்ல கேஸ் என்றால் நோயாளிக்கு நல்லதல்ல, எங்களுக்கு நல்லது. அப்படி ஒரு அப்பு இருந்தார். இருதயத்தின் இடப்பக்க வால்வு சரியாக மூடாது, இரத்தம் பின்னுக்கு ஒழுகும். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் விட்டுப்போன கைங்கரியம். அந்த ஒழுக்கின் சத்தத்தைக் கேட்க ஒவ்வொரு பட்சும் அவர் நெஞ்சில் வந்து விழும். நானும் புது ஸ்ரெதஸ்கோப்போடு போனேன்.

"அதில இல்லைப் பிள்ளை. இன்னும் கொஞ்சம் கீழ, இடப்பக்கம். போன கிழமை வந்த தம்பியும் அதிலதான் வைச்சிட்டு, கேக்குது சேர் எண்டவன்."

கீழே நகர்த்தினேன்.

"கேக்குதோ?"

"ஓம் அப்பு."

"என்ன கேக்குது?"

நான் பேசாமல் நின்றேன். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "லப்புக்கும் டப்புக்கும் நடுவில ஒரு இழுவை இருக்கு, ஊத்தைக் குழாயில காத்துப் போற சத்தம். அதைப் பிடி. பிடிச்சிட்டியோ? இனிக் கமக்கட்டுக்குள்ள வைச்சுப் பார், அங்கையும் கேக்கும். அதைச் சொல்ல மறந்திடாதை, பெரியவர் அதைத்தான் கேப்பார்."

பெரியவர் அதைத்தான் கேட்டார். நான் கமக்கட்டைச் சொன்னேன். அவருடைய தோளுக்குப் பின்னால் அப்பு எனக்குத் தலையாட்டினார்.

இந்த ஸ்ரெதஸ்கோப்பே ஒரு வெட்கத்தில் பிறந்ததுதான். 1816இல் பாரிஸில் லெனெக் என்ற வைத்தியரிடம் கொஞ்சம் உடம்பான இளம்பெண் ஒருத்தி நெஞ்சு வருத்தத்தோடு வந்தாள். அந்தக் காலத்தில் காதை நேரே நெஞ்சில் வைத்துத்தான் கேட்பார்கள். மனிதருக்கு மனம் வரவில்லை. கடதாசியைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். காதை வைத்ததைவிட நன்றாகவே கேட்டது. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் கடதாசிக் குழலும் தேவைப்பட்டிராது. பெண்ணின் தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நீங்கள் கேக்கிறதை என்னட்டக் கேளுங்கோ, நான் சொல்லுறன்" என்றிருப்பாள்.

நெஞ்சில் விரலை வைத்து மற்ற விரலால் தட்டிப் பார்க்கிறார்களே, அந்த வித்தையின் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். கண்டுபிடித்த ஔவன்புருக்கர் ஆஸ்திரியாவில் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டினால் வைன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். நெஞ்சைத் தட்டினால் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஏன் தெரியக்கூடாது? 1761இல் புத்தகம் போட்டார். ஒருவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1808இல் நெப்போலியனின் வைத்தியர் கொர்விசார் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்த பிறகுதான் உலகம் தட்டத் தொடங்கியது. நடுவில் 47 வருஷம். எங்கள் ஊரில் பேத்தி சொல்வதைப் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ள எடுக்கும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தத் தட்டு எனக்கு வசப்படவேயில்லை. ஹொஸ்டல் மேசையைத் தட்டினேன், கதவைத் தட்டினேன், சீனியர்மார் எடுக்கும் குப்பி வகுப்பில் முன்னால் இருந்தவளின் முதுகைத் தட்டினேன். எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்டது. "இதில மந்தமாக் கேக்குது, இதில கணீரெண்டு கேக்குது" என்று சீனியர் அக்கா சொல்லும்போது எல்லாரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

இப்படி ஆறு நாளும் பூனைக்குக் கீழே இருந்துவிட்டு, லீவில் வீட்டுக்குப் போவேன். என் வீடு நெடுந்தீவில்.

பட்சில் மற்றவர்கள் லீவு என்றால் ஓட்டோ பிடித்தோ பஸ் பிடித்தோ போய்விடுவார்கள். எனக்கு முதலில் யாழ்ப்பாணம். அங்கேயிருந்து 776ஆம் இலக்க பஸ். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, இரண்டு பக்கமும் கடல் கிடக்க நடுவில் நீட்டிய தெருவால் புங்குடுதீவுக்குப் போய், அதன் அந்தலையில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் இறங்கவேண்டும். நயினாதீவுக்குப் போகிறவர்கள் ஏறிக் கால் மணித்தியாலத்தில் இறங்கிவிடுவார்கள். எங்களுக்கு ஒரு மணித்தியாலக் கடல். பஸ் பிந்தினால் படகு போய்விடும். படகு போனால் அன்றைய லீவும் அதோடு போய்விடும். ஆகையால் தீவுப் பிள்ளைகள் மணிக்கூட்டைப் பார்ப்பதைவிட காற்றைப் பார்ப்பது அதிகம். வாடைக்கு ஒரு கணக்கு, சோளகத்துக்கு ஒரு கணக்கு. சோளகத்தில் கணக்குக் கொஞ்சம் குடலோடு சம்பந்தப்பட்டது.

காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் "ஆடுகிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். படகின் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் "ஆடவில்லை" என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நீதி சொல்லத் தெரியாத மூளை வயிற்றைத் தண்டிக்கும். இதை நான் சோதனையில் படத்தோடு எழுதி நல்ல புள்ளி வாங்கியவள். அந்த அறிவு நடுக்கடலில் ஒரு பொலித்தீன் பைக்குள் தலையை விட்டிருக்கும்போது ஒரு சதத்துக்கும் உதவாது. ஒருமுறை அப்படி இருக்கையில் பக்கத்திலிருந்த ஆச்சி என் முதுகைத் தடவியபடி காதுக்குள் கேட்டா: "பிள்ளை, நீ டொக்குத்தருக்கெல்லே படிக்கிறாய். சத்திக்கு என்ன குளிசை நல்லம்?"

நான் கையைக் காட்டினேன், பொறுங்கோ என்று.

"அவசரமில்லை, முடிச்சிட்டுச் சொல்லு" என்றா ஆச்சி. சொன்னபடியே காத்திருந்தா. அது படகு ஏற முன்னம் போடவேண்டிய குளிசை என்று நான் சொன்னதும், ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி என் மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "அது வரைக்கும் இதை மண" என்றா. கரையைப் பார், பலகையைப் பாராதை என்றும் சொன்னா. கண்ணும் காதும் ஒரே கதை சொல்லவேண்டும் என்று நான் ஒன்றரைப் பக்கம் எழுதியதை ஆச்சி இரண்டு சொல்லில் முடித்துவிட்டா.

மாவிலித்துறையில் கால் வைத்த நிமிஷம் எனக்குப் பதவி உயர்வு. மூன்றாம் வரிசை கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இந்தப் பக்கத்தில் நான் "டொக்குத்தர் பிள்ளை". எங்கள் தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதில் சோதனை பாஸான, சம்பளம் வாங்கும் உண்மையான டொக்டர் இருக்கிறார். ஆனால் அவரிடம் போனால் நோயைத்தான் சொல்லலாம். என்னிடம் வந்தால் அந்த டொக்டர் சொன்னது சரியோ என்று கேட்கலாம்.

அம்மம்மாதான் என் சிஸ்டர், மிஸ், அற்றெண்டன், வாசல்காவல் எல்லாம். வேப்பமரத்துக்குக் கீழே பழைய வாங்கு ஒன்றைப் போட்டு, வருகிறவர்களை வரிசையில் இருத்துவா. முதல் தரம் நான் வெறும் சட்டையோடு வெளியே வந்தபோது அவவுக்குச் சரியான கோபம். "வெள்ளைக் கோட்டு எங்க? கோட்டில்லாமல் சனம் எப்பிடி நம்பும்?"

"நம்பக்கூடாது அம்மம்மா. நான் இன்னும் டொக்டர் இல்லை."

"அது எனக்கும் உனக்கும் தெரியும். அதுகளுக்கு ஏன்?"

வந்தவர்கள் சொல்லும் வருத்தம் எதுவும் புத்தகத்தில் இருக்கும் ஒழுங்கில் வருவதில்லை. நாரி நோ என்று தொடங்குவார்கள். அது மகள் கனடா போன வருஷம் தொடங்கியது என்பார்கள். மகளுக்கு இன்னும் பிள்ளையில்லை என்பார்கள். இப்போது நித்திரையில்லை என்று முடிப்பார்கள். இதில் நாரி எங்கே நிற்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்க, அம்மம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவா. கதைத்தவரும் எழும்பி, "இப்ப கொஞ்சம் சுகம்" என்று போய்விடுவார்.

உண்மையில் என்னால் ஏதும் உபயோகம் இருந்தது என்றால், அது குளிசைப் பைகளில்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொப்பிங் பை. அதற்குள் ஆறு மாதத்து மருந்து. பெரிய வெள்ளைக் குளிசை சீனி வருத்தத்துக்கு, சின்னன் பிறசருக்கு, இரவில் போடுகிறது கொழுப்புக்கு என்று பிரித்து, கடதாசியில் சூரியனும் நிலவும் கீறிக் கொடுப்பேன். எங்கள் தெருவில் ஒரு மாமா மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே மிடறில் விழுங்கி, "எல்லாம் உள்ளுக்குப் போய்த் தங்கட தங்கட இடத்துக்குப் போகும்தானே" என்பவர். அவரிடம் வாதாடி வெல்ல முடியாது. சூரியனுக்குப் பக்கத்தில் அவருடைய பெயரையும் எழுதிக் கொடுத்து, கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போகச் சொல்லி அனுப்பினேன். மருந்தை மாற்றுவதுமில்லை, புதிதாக எழுதுவதுமில்லை. அது எனக்கு நானே போட்ட சட்டம்; வேப்பமரத்தடிக்கு அது பெரிய ஏமாற்றம்.

என் வாட்டு மாற மாற ஊரின் வருத்தமும் மாறியது. நான் சத்திரசிகிச்சை வாட்டில் நின்ற காலத்தில் கட்டி, கொப்புளம், ஆணி, பழைய தழும்பு எல்லாம் வந்தன. காய்ச்சலோடு வந்த ஒரு பெடியனை அம்மம்மா, "பிள்ளை இப்ப வெட்டுக்கொத்துத்தான் பாக்குது, காய்ச்சல் மாசி மாதம்" என்று திருப்பி அனுப்பிவிட்டா. நான் பின்னால் ஓடிப்போய் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. டெங்குக் காலம் அது. குழந்தைகள் வாட்டு நடந்தபோது வீட்டு முற்றம் நேர்சரி ஆனது. பிறகு மனநல வாட்டு வந்தது. அந்தச் செய்தி ஊருக்குள் பரவியதும் ஒரு குஞ்சு குருமனும் எங்கள் படலைப் பக்கம் வரவில்லை. வழக்கமாக வந்து கதைத்துவிட்டுப் போகிற நாரி நோ மாமிகூட மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எனக்கு ஒண்டுமில்லை, நான் நல்லா இருக்கிறன்" என்று தானாகவே அறிவித்துவிட்டுப் போனா. நித்திரை கொண்டேன், மதியம் எழும்பிக் கூழ் குடித்தேன், திரும்ப நித்திரை கொண்டேன். படிப்பு முழுக்க எனக்குக் கிடைத்த அசல் லீவு அதுதான்.

ஆடு வந்தது மெடிக்கல் வாட்டுக் காலத்தில்.

பின்வளவு மாமி அதைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தபோது அம்மம்மா அதையும் வரிசையில்தான் விட்டா. வயிறு பொருமிப் போய், ஒரு பக்கம் முதுகு மட்டத்துக்கு எழும்பி நின்றது. "மாமி, நான் மனிசருக்குத்தான் படிக்கிறன்" என்றேன்.

"வயிறு வயிறுதானே பிள்ளை."

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இடக்கை நடுவிரலை வைத்து, வலக்கை நடுவிரலால் தட்டினேன். கணீர் என்றது. பறை. விலாவுக்கு மேலே நகர்த்தித் தட்டினேன், மந்தம். திரும்பக் கீழே, கணீர். மேசையிலும் கதவிலும் குப்பித் தோழியின் முதுகிலும் கேளாத வித்தியாசம், மாமியின் மறி ஆட்டில் பளிச்சென்று கேட்டது. ஔவன்புருக்கர் எனக்குப் பிடிபட்டது அந்த இடத்தில்தான். சந்தோஷத்தில் நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஆடு திரும்பி என்னைப் பார்த்தது. நோயாளிகள் எங்களைப் பார்க்கும் அதே பார்வை.

நோயை நான் கண்டுபிடித்தேன், மருந்தை மாமியே செய்தா. நல்லெண்ணெயைப் பருக்கி, ஆட்டை வளவைச் சுற்றி நடக்கவிட்டா. நுரைத்து நிற்கும் வாயுவை எண்ணெய் உடைக்கும். பின்னேரத்துக்குள் அது பழையபடி வேலியைத் தின்றது. பெயர் எனக்கு. "தட்டியே சுகமாக்கிப் போட்டாள்" என்று தீவெல்லாம் கதை. திங்கட்கிழமை வாட்டில் நெஞ்சில் நீர் கட்டிய ஒருவரைத் தட்டச் சொன்னார்கள். தட்டினேன். கீழே மந்தம், மேலே கணீர், எல்லை எங்கே என்றும் காட்டினேன். "எங்க பழகினீர்?" என்று ரெஜிஸ்ட்ரார் கேட்டார். ஊரில் ஒரு கேஸ் பார்த்தேன் என்றேன். ஆண் நோயாளியா பெண் நோயாளியா என்று கேட்டார். பெண் என்றேன். அது பொய்யில்லை.

எனக்கு முன்னமும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் லீவில் போய் மாட்டியிருப்பார்கள். 1847இல் அமெரிக்க மிஷனிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு உள்ளூர்ப் பெடியளுக்கு மேற்கத்தைய மருத்துவம் படிப்பித்தார், பிற்பாடு தமிழிலேயே படிப்பித்தார். கல்லூரியில் படித்ததால் தன் மாணவர்கள் கோட்டும் தொப்பியும் போட்டு ஊருக்கு அந்நியமாகிவிடக்கூடாது என்று அவருக்குக் கவலை இருந்தது. அந்தக் கோட்டுக் கவலையில் அவரும் என் அம்மம்மாவும் நேர் எதிர்க்கட்சி. அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என்று பிரித்துப் பிரித்துப் புத்தகம் கொண்டுவந்த மனிதர், லீவு வைத்தியத்துக்கு ஒரு நூல் செய்யாமல் விட்டதுதான் என் குறை.

பட்சோடு போன லீவும் ஒன்று உண்டு. ஆனி மாதம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா. மாத்தறைச் சிநேகிதி ஒருத்திக்கு நாகவிகாரையும் பார்க்கவேண்டும் என்பதால் ஒரே படகில் இரண்டு கும்பிடு. தேர் நாள், வெயில், சனம். வீதியில் ஒரு தாத்தா சோர்ந்து விழுந்தார். நாங்கள் ஒரு வட்டமாகச் சூழ்ந்துவிட்டோம். ஒருத்தி நாடியைப் பிடித்தாள். இன்னொருத்தி இருதயத் தாளம் பிழைத்திருக்கலாம் என்றாள். மூன்றாமவன் விழுந்து மயங்குவதற்கான காரணங்களை நரம்பு, இருதயம், இரத்தம் என்று தலைப்புப் போட்டுப் பிரித்தான். எங்கள் "டயபிற்றிஸ்" ஆளும் தன் கருத்தைத் தெரிவித்தான். அப்போது முதலுதவிப் பெடியன் ஒருவன், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது, "அக்காமார், கொஞ்சம் காத்து வரவிடுங்கோ" என்று எங்களை விலக்கி, தாத்தாவை நிழலில் கிடத்தி, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தான். தாத்தா கண்ணைத் திறந்தார். காலையிலிருந்து விரதம், தண்ணி குடிக்கவில்லை. எழும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி அன்னதானம் முடிஞ்சுதோ என்பது. அமுதசுரபி மண்டபத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பந்தியில் இருந்து எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டார்.

படகுகளைப் பற்றி இவ்வளவு பகிடி விட்டாலும், குமுதினிப் படகில் 1985 மே 15 நடந்த படுகொலையை எங்கள் தீவில் ஒருவரும் பகிடிக்கு எடுப்பதில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது அம்மம்மா எழும்பி உள்ளே போய்விடுவா. நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தீவில் நோய் எப்போது வரவேண்டும் என்பதைப் படகுதான் தீர்மானிக்கும். பகலில் வந்தால் அது நோய். கடைசிப் படகு போன பிறகு வந்தால் அது செய்தி. கரையில் 1990 என்று அடித்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் அது கடலில் ஓடாது. இரவில் கடற்படைப் படகையோ மீன்பிடிப் படகையோ பிடித்துக் குறிகாட்டுவானுக்குக் கொண்டு சேர்த்தால்தான் அதில் ஏற்றலாம். எங்கள் அயலில் பிள்ளைத்தாய்ச்சிகள் திகதிக்கு முன்னமே கரைக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று நிற்கிறது, பொந்து பொந்தாக. அந்தக் காலத்தில் புறாவின் காலில் கடிதம் கட்டிக் கரைக்கு அனுப்பினார்களாம். ஆளை அனுப்ப அவர்களிடமும் படகுதான்.

இதெல்லாம் எனக்குச் சாதாரணம். வாட்டில் அது ஒருநாள் உதவியது. எங்கள் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து குடல்வால் அழற்சியோடு ஒரு கடற்றொழிலாளி வந்திருந்தார், நோ தொடங்கி இரண்டாம் நாள். எச்.ஓ. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்.

"ஏன் நேற்றே வரல்ல?"

"சோளகம் டொக்டர்."

எச்.ஓ. டிக்கட்டில் எழுதத் தொடங்கினார். "இது எவ்வளவு காலமா இருக்கு?"

"ஒவ்வொரு வருசமும் வரும் டொக்டர். வைகாசியில துவங்கும், புரட்டாதி மட்டும் நிக்கும்."

"இதுக்கு மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?"

"மருந்தோ? கரையில இருக்கிறதுதான் டொக்டர்."

"வீட்டில வேற ஆருக்கும் இருக்கா?"

"ஊருக்கே இருக்கு."

ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. என்னுடையதுதான். கொன்சல்டன்ட் திரும்பினார். பிடரிகள் விலகின. முதல் தடவையாக மூன்றாம் வரிசைக்கும் முதலாம் வரிசைக்கும் நடுவில் வழி திறந்தது.

"சிரிச்சது ஆர்? வந்து சொல்லும்."

சோளகம் என்றால் தென்மேல் காற்று, சேர், அது அடித்தால் கடல் எழும்பும், சின்னப் படகு விடமாட்டார்கள், இவர் நோவைத் தாங்கிக்கொண்டு காற்று விழும்வரைக்கும் இருந்திருக்கிறார், ஆகையால் நோ தொடங்கின நேரத்தை வந்த நேரத்திலிருந்து எண்ணக்கூடாது, வால் வெடித்திருக்கவும் கூடும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கட்டிலில் கிடந்தவர், "பிள்ளை எந்தத் தீவு?" என்று கேட்டார். கொன்சல்டன்ட் அவர் வயிற்றை இன்னொருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தியேட்டரில் நேரத்தை முன்னுக்குப் போடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லது. இனி மக்பேர்ணி புள்ளியைப் பற்றிச் சொல்லும். ஆர் அந்த மக்பேர்ணி, எந்த வருஷம் எழுதினார்?" என்றார்.

அது 1889. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது சோளகம் மட்டும்தான். பிடரிகள் மூடிக்கொண்டன. ஜன்னலிலிருந்து நல்ல காற்று வந்தது.

அடுத்த மாதம் எனக்குப் பேற்று வாட்டு. அறிவித்தல் பலகையில் பெயர்ப்பட்டியல் ஒட்டிய அன்றைக்குப் பின்னேரமே நெடுந்தீவிலிருந்து போன் வந்தது. செய்தி எந்தப் படகில் போனதோ தெரியாது.

"பிள்ளை, உனக்கு இனிப் பிள்ளைப்பேறாம், உண்மையோ?"

"ஓம் அம்மம்மா. ஆர் சொன்னது?"

"அது கிடக்கட்டும். நீ எப்ப வாறாய்? மாமியின்ர மாடு நிறைசினை. சனிக்கிழமை மட்டும் தாக்காட்டும் போலத்தான் கிடக்கு. முதல் படகில வா. கோட்டையும் கொண்டு வா."